கல் அரியுந் தொழில்: இன்றும் நாளையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீடு கட்ட எண்ணியிருப்பவரிடம் அயலவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "கல் அரிஞ்சு முடிஞ்சுதோ?" என்பதாகும். தமிழ்நாட்டார் செங்கல் அறுத்தல் என்று கூறுவதைப் போல, யாழ்ப்பாணத்தார் சீமெந்துக் கல் செய்வதைக் கல் அரிதல் என்பர். பெயரிலே அரிதல் இருந்தபோதிலும், இத்தொழிலிற் கத்தியுமில்லை, வாளுமில்லை. ஈரக் கலவையை அச்சிலே நிரப்பி, இறுக்கி, அச்சை மேலே தூக்கிவிட்டாற் கல் தன் காலிலே நிற்கும். முன்னர் வீட்டுக்காரரின் வளவிலே இருவர் மூவர் கூடிக் கையச்சினாற் செய்த இவ்வேலை, இன்று பெரும்பாலும் இயந்திரத்தின் வேலையாகிவிட்டது. அவ்வியந்திரத்தை இயக்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை யாவை, அத்தொழிலை நம்பி ஓர் இளைஞன் தன் வாழ்வை அமைத்துக்கொள்ளலாமா என்பன ஆராயத்தக்கன.

குடாநாட்டிற் கல்லுக்குக் குறைவில்லை. பல இடங்களிலே நிலத்தைச் சில அடி தோண்டினாற் சுண்ணக்கற் பாறை தட்டுப்படும். ஆயினும் முன்னோருட் பெரும்பாலார் மண்சுவரும் பனையோலைக் கூரையுமுடைய வீடுகளிலேயே வாழ்ந்தனர். வசதி படைத்தோர் மாத்திரம் வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு சுவர் எழுப்பினர். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658ஆம் ஆண்டின்பின் ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையும் முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆனதே. நிலத்திலிருந்து எடுக்குங் கல் ஒழுங்கான வடிவுடையதன்று. அதனை அடுக்குவதற்குத் தடித்த சுவரும், நிறைந்த சாந்தும், கைதேர்ந்த மேசனும், நீண்ட காலமும் வேண்டும். ஒரே அளவான, நேரான பக்கங்களையுடைய கல்லைக் குறைந்த செலவிற் செய்யும் வழியைச் சீமெந்தே திறந்துவிட்டது.

அந்தச் சீமெந்தும் ஒரு காலத்திற் குடாநாட்டிலேயே விளைந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில் நிறுவப்பெற்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. அயலிலேயே அகழப்பட்ட சுண்ணக்கல் அதன் முதன்மையான மூலப்பொருள்; களிமண் மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. உள்ளூர்ச் சீமெந்தும் உள்ளூர் மணலும் சேர்ந்தமையாற் சீமெந்துக் கல் சாதாரண மக்களின் கைக்கும் எட்டும் பொருளாயிற்று.

போர் இந்நிலையைக் குலைத்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. அதன்பின் 1995ஆம் ஆண்டு வரை, குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லக் கூடாதெனத் தடை செய்யப்பட்ட பொருள்களுட் சீமெந்தும் ஒன்றாயிருந்தது. சுவர் இடிந்தால் அதனைத் திருப்பிக் கட்ட வழியற்று மக்கள் கிடுகாலும் தகரத்தாலும் மறைப்புக் கட்டிக் காலங் கழித்தனர். 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது கட்டட வேலை மீண்டும் துளிர்த்தது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீதி மூடப்பட்டபோது அத்துளிர் வாடிற்று. கல் அரிவோரின் தொழில், தம் கைத்திறனால் மட்டுமன்றி, வீதியும் விலையும் அரசியலும் சேர்ந்து தீர்மானிக்கும் தொழில் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வடக்கு, கிழக்கில் வீடமைப்புப் பெருவேலையாகத் தொடங்கியது. இந்திய அரசின் உதவியுடன் அவ்விரு மாகாணங்களிலும் ஏறக்குறைய 46,000 வீடுகளைக் கட்டும் திட்டத்தின் பெரும்பகுதி 2012ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அதிலே குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 5,50,000 ரூபா தவணை முறையில் வழங்கப்பட்டது. வீட்டுக்காரரே ஆள் வைத்துத் தம் வீட்டைக் கட்டிக்கொண்டனர். 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமுமுடைய கல்லாற் கட்டினால், 100 சதுர அடிச் சுவருக்கு நூற்றுக்குச் சற்று மேற்பட்ட கற்கள் செல்லும். ஆகவே மிகச் சிறிய வீட்டுக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் வேண்டும். ஊர்கள் தோறும் கல் அரியுந் தொழிலகங்கள் தோன்றியதற்கும், கையச்சு இருந்த இடத்தில் இயந்திரம் புகுந்ததற்கும் இத்தேவையே பெருங்காரணமாயிற்று.

கல் அரியும் இயந்திரத்தின் கதை நூற்றாண்டுக்கு மேற்பட்டது. போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் யோசப் அஸ்ப்டின் 1824ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். சீமெந்துக் கல் செய்யும் கையியந்திரம் ஒன்றுக்கு அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் 1900ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். தொடக்கத்திற் கலவையை இடித்தே இறுக்கினர். பின்னர் அதிர்வினால் இறுக்கும் முறை வந்தது. இம்மாற்றத்தின் பயன் பெரிது. ஒரு கொத்து நெல்லைப் படியிலே கொட்டிப் படியை இரண்டுமுறை குலுக்கினால் நெல் கீழிறங்கி மேலும் நெல்லுக்கு இடம் விடுவதைக் காணலாம். அவ்வாறே அச்சு அதிரும்போது மணற்றுணிக்கைகளும் சல்லித் துணிக்கைகளும் ஒன்றன்மேலொன்று வழுக்கி நெருங்கியமைகின்றன. இடையிலிருந்த காற்று வெளியேறுகின்றது. இலங்கையிலுள்ள 50 அலைவு மின்னோட்டத்தில் இயங்கும் அதிர்வு மோட்டார், நிமிடத்துக்கு 3,000க்குச் சற்றுக் குறைவான முறை சுழலும். அதன் அச்சாணியிற் பொருத்திய சமனற்ற பாரம் ஒவ்வொரு சுழற்சிக்கும் அச்சை ஒருமுறை உலுக்கும். மனிதக் கை இடிக்கும் இடி அதற்கு ஈடாகாது.

குடாநாட்டிற் பயன்படும் இயந்திரங்கள் ஒரே தரத்தன அல்ல. எளியவற்றிலே ஒரு மோட்டாரும், கைப்பிடியினால் ஏற்றி இறக்கும் அச்சும் மாத்திரம் இருக்கும். வேறொரு வகை, சில்லுகளின்மேல் நகர்ந்து, சீமெந்துத் தளத்திலே கற்களை இட்டுவிட்டு அப்பாற் செல்லும்; கோழி முட்டையிடுவதைப் போன்றதென அதற்குப் பெயருமுண்டு. மூன்றாவது வகை ஒரே இடத்தில் நிலைத்திருந்து, பலகையின்மேற் கற்களைச் செய்து தள்ளும். இதில் எண்ணெயழுத்தத்தால் இறுக்கும் பெரிய இயந்திரங்களும் அடங்கும். முற்றாகத் தானே இயங்குபவற்றில் கலவை கொண்டுவருதல், நிரப்புதல், இறுக்குதல், வெளித்தள்ளல் ஆகிய யாவும் பொத்தான் பலகையொன்றின் கட்டளைப்படி நடைபெறும்.

இயந்திரம் எவ்வகையினதாயினும், கல்லின் தரத்தை முதலில் தீர்மானிப்பது கலவையே. சீமெந்து ஒரு பங்குக்கு மணலும் சல்லித்தூளும் சேர்ந்து ஆறு முதல் எட்டுப் பங்கு என்பது வழக்கத்திலுள்ள நல்ல அளவு. 50 கிலோ நிறையுடைய ஒரு பை சீமெந்தின் கன அளவு ஏறக்குறைய 35 லீற்றர். 16, 8, 4 அங்குல அளவான கல்லொன்றின் கன அளவு எட்டு லீற்றருக்குச் சற்று அதிகம். கலவை இறுகும்போது சுருங்குவதையுங் கணக்கிட்டால், ஒரு பையிலிருந்து ஏறக்குறைய 23 முதல் 30 வரையான கற்களையே நேர்மையாக எடுக்கலாம். அதே பையில் 40 அல்லது 50 கல் எடுத்தோம் என்று ஒருவர் பெருமை கூறுவாராயின், அது திறமையன்று. வாங்குபவரின் சுவரிலிருந்து கழிக்கப்பட்ட சீமெந்தே அது. இக்கணக்கை அறிந்து, அளவுப் பெட்டியால் அளந்து போடுமாறு வலியுறுத்துவது இயக்குபவரின் முதற் கடமை. மண்வெட்டியால் எண்ணிப் போடும் மணல், எண்ணுபவரின் களைப்புக்கேற்ப மாறும்.

இரண்டாவது நீர். கல் அரியுங் கலவை, தளம் போடுங் கலவையைப் போல் இளகியிருக்கலாகாது. இளகினால் அச்சைத் தூக்கியவுடன் கல் வயிறு வைத்துச் சரியும். காய்ந்திருந்தால் விளிம்பு உதிரும். சீமெந்து முழுமையாக வேலை செய்யவும் மாட்டாது. ஒரு பிடி கலவையைக் கையிலெடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும்; உள்ளங்கையில் ஈரம் படலாம், நீர் வழியலாகாது. இந்தச் சோதனை எளியது போலத் தோன்றும். ஆனால் மாரியில் நனைந்த மணலுக்கும், சித்திரை வெயிலிற் காய்ந்த மணலுக்கும் ஒரே அளவு நீர் விடுவது பிழை. காலையில் விட்ட அளவு நண்பகலிற் போதாது. அனுபவமுள்ள இயக்குநர் கலவை சுழலும் ஓசையிலிருந்தே இதனை அறிவார்.

மூன்றாவது மணலின் இயல்பு. குடாநாட்டின் மணல் பெரும்பாலும் வடமராட்சி கிழக்குப் போன்ற கரையோரப் பகுதிகளுக்குரியது. மணற்காட்டின் மணற்குன்றுகள் யாவரும் அறிந்தவை. கடலை அண்டிய மணலில் உப்பு இருக்கலாம். உப்புக் கலந்த மணலாற் செய்த கல் பார்வைக்குக் குறையற்றது. சுவராகி ஓரிரு மாரி கழிந்தபின்பே உவர் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். இரும்புக் கம்பிக்கு அருகிற் பயன்பட்டால் கம்பி துருவேறும். உவர்க் கிணற்று நீரும் அத்தன்மையதே. நன்னீரில் அலசிய மணலும், குடிக்கத்தக்க நீரும் வேண்டும் என்பது வெறும் உபதேசமன்று. வீட்டுக்காரரின் பணத்தைக் காக்கும் விதி.

நான்காவது பதப்படுத்தல். புதிதாகச் செய்த கல் காய்வதனால் வலிமை பெறுவதில்லை. ஈரமாயிருப்பதனாலேயே வலிமை பெறுகின்றது. சீமெந்து நீரோடு கூடி இறுகும் இரசாயன வினை நாட்கணக்கில் நடைபெறுவது. ஆகவேதான் குறைந்தது ஏழு நாட்கள் காலையும் மாலையும் நீர் தெளித்து, நிழலில் அல்லது ஈரச் சாக்கின்கீழ் வைக்க வேண்டும். 28ஆம் நாளில் மதிப்பிடும் வலிமையே அக்கல்லின் வலிமை எனக் கொள்ளப்படும். யாழ்ப்பாணத்தில் வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காற்று, கல்லின் ஈரத்தைச் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிவிடும். அக்காலத்தில் மூடாமல் விட்ட கல்லைக் கைவிரலாற் கீறினாலும் மணல் உதிரும். வாடைக் காலத்திலோ மழை புதுக்கல்லைக் கரைத்துவிடும்; கூரையில்லாத தொழிலகம் அம்மாதங்களிற் பல நாள் மூடிக்கிடக்கும். வருமானத்தில் இதனால் விழும் ஓட்டையை, இத்தொழிலுக்கு வருபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

அச்சின் தேய்வு பற்றியும் ஒரு சொல். மணல் உராய்ந்து உராய்ந்து இரும்பச்சு தேய்கின்றது. நான்கு அங்குலத் தடிப்புடைய கல், அச்சுத் தேய்ந்ததனால் அரைக்கால் அங்குலம் தடித்துவிட்டால், 1,000 கல்லுக்கு 31 கல்லுக்கான கலவை வீணாகின்றது. கற்கள் ஒன்றோடொன்று அளவொவ்வாமையால் மேசன் தடித்த பூச்சுப் பூச வேண்டியும் வரும். வாரந்தோறும் அச்சை அளந்து குறித்து வைக்கும் இயக்குநர், உடையவருக்குத் தம் சம்பளத்திலும் அதிகமான இலாபத்தைத் தேடித்தருபவராவர்.

இவ்வளவு அறிவையும் வேண்டும் தொழில், உடலையும் கடுமையாக வேண்டுகின்றது. நான்கு அங்குலக் கல்லொன்று 16 கிலோவுக்குக் குறையாது. நாளொன்றுக்கு 500 கல்லைத் தூக்கி அடுக்குபவர், மாலையாகும்போது 8,000 கிலோ, அதாவது எட்டுத் தொன் பாரத்தைத் தூக்கியிறக்கியிருப்பார். ஈரச் சீமெந்து காரத்தன்மையுடையது. வெறுங்கையிற் பட்டுக்கொண்டேயிருந்தால் தோல் வெடித்துப் புண்ணாகும். சல்லித்தூளிலுள்ள நுண்ணிய சிலிக்காத் துகள் ஆண்டுக்கணக்கிற் சுவாசப்பையிற் படிந்தால் மீளா நோயை உண்டாக்கும். இடைவிடாத இரைச்சலாற் செவி மந்தமாகும். எல்லாவற்றிலும் கொடியது, இயந்திரம் ஓடும்போதே அச்சுக்குள்ளும் கலவைத் தொட்டிக்குள்ளும் கை நீட்டும் பழக்கம். மின்னோட்டத்தைத் துண்டித்து, ஆளியைப் பூட்டி, திறப்பைத் தம் சட்டைப்பையில் இட்டபின்னரே உள்ளே கை வைப்பது என்ற ஒரே விதி பல விரல்களைக் காக்கும். கையுறையும், முகமறைப்பும், நீண்ட காலணியும் ஆடம்பரப் பொருள்களல்ல.

கூலி முறையே இத்தொழிலின் நலிந்த பக்கம். பல தொழிலகங்களிற் கல்லின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி கொடுக்கப்படுகின்றது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் விரைவுக்கே மதிப்பு. அளந்து போடவும், அச்சை அளக்கவும், நீர் தெளிக்கவும் செலவாகும் நேரத்துக்கு ஒருவருங் கூலி தருவதில்லை. இதனால் நல்ல தொழிலாளியே நட்டமடைகின்றார். எண்ணிக்கைக் கூலியாளர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே உள்ளவர் என்ற தவறான எண்ணமும் பரவியுள்ளது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், மாதச் சம்பளக்காரருக்கு மாத்திரம் உரியதன்று. எண்ணிக்கைக் கூலிக்கும், நாட்கூலிக்கும் வேலை செய்வோரும் அதற்குள் அடங்குவர். தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, தொழில்கொள்வோரின் பங்கு நூற்றுக்கு 12. இவற்றுக்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் நூற்றுக்கு 3 செலுத்தவேண்டும். வேலையிற் காயமடைந்தோருக்கு நட்டஈடு வழங்குவதற்கு 1934ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. உரிமை இருக்கின்றது, அதனைக் கேட்பதற்கு வேலை செய்த நாட்களின் பதிவும், சம்பளத் துண்டும் வேண்டும். இருபது ஆண்டுகள் கல் அரிந்து முதுகு வளைந்தவர் வெறுங்கையோடு வீடு திரும்புவதும், சேமிப்போடு திரும்புவதும் இந்தச் சிறு கடதாசியைப் பொறுத்தது.

இனி எதிர்காலம். முதலில் எழும் அச்சம், தானியங்கி இயந்திரம் வந்தால் ஆட்களுக்கு வேலையிராது என்பது. அவ்வச்சத்தில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையன்று. அள்ளுதலும், நிரப்புதலும், தூக்குதலும் இயந்திரத்துக்குப் போகும். அதிர்வு நேரத்தைத் திருத்துதல், எண்ணெயழுத்தத்தைப் பார்த்தல், அச்சை மாற்றுதல், மின்பலகை காட்டும் பிழையைக் கண்டறிதல், மணலின் ஈரத்துக்கேற்ப நீரை மாற்றுதல் ஆகியன மனிதரிடமே நிற்கும். கைப்பிடியை மாத்திரம் இழுக்கத் தெரிந்தவருக்கு இடம் சுருங்கும். ஏன் இழுக்கின்றோம் என்று அறிந்தவருக்கு இடம் விரியும்.

இரண்டாவது கேள்வி மூலப்பொருள் பற்றியது. மணல் அள்ள அள்ளக் கரையும் மணற்குன்றும் பலவீனமடைகின்றன. உவர் நீர் உள்ளே புகும் இடர் கூடுகின்றது. குடிநீருக்கும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. 1992ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அமைந்த புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியின்றி மணல் அகழலாகாது என்பது விதி. மணலுக்குப் பதிலாகக் கருங்கல்லை உடைத்த தூளைச் சேர்க்கும் வழக்கம் வளர்ந்துவருகின்றது. ஆனால் குடாநாட்டிற் கருங்கல் இல்லை, வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்தே வரவேண்டும். மண்ணோடு நூற்றுக்கு ஐந்தளவு சீமெந்து கலந்து அழுத்திச் செய்யும் கற்களைப் புதுச்சேரிக்கு அயலிலுள்ள ஒரோவில் நீண்ட காலமாகப் பயன்படுத்திக் காட்டியுள்ளது. வன்னியின் சில பகுதிகளுக்கு அது பொருந்தலாம். ஆயினும் வலிகாமத்துச் செம்மண் வெங்காயமும் உருளைக்கிழங்கும் புகையிலையும் விளையும் மண். அதனைச் சுவராக்குவது விதைநெல்லைக் குற்றிச் சோறாக்குவதை ஒக்கும். ஒவ்வொரு மாற்றுப் பொருளுக்கும் கலவை அளவும் நீரளவும் வேறாகையால், இங்கும் இயக்குநரின் அறிவே முன்னிற்கும்.

மூன்றாவது சந்தை. 2016ஆம் ஆண்டளவில், வடக்கு, கிழக்கில் 65,000 வீடுகளை உருக்கினால் முன்னமைத்துக் கொண்டுவந்து பொருத்தும் திட்டமொன்று பெரும் விவாதத்துக்குள்ளாயிற்று. வெப்பமான நாட்டுக்கு அவ்வீடு ஏற்குமா, பழுதானால் ஊரிலே திருத்த ஆளுண்டா என்ற கேள்விகளோடு, கல்வீடு கட்டினாற் பணம் ஊர் மேசனுக்கும் கல் அரிபவருக்கும் சேருமே என்ற வாதமும் எழுந்தது. முன்மொழிந்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. கல்வீட்டின்மீது மக்களுக்குள்ள பற்று எளிதில் அசைவதன்று என்பதை அவ்விவாதம் காட்டிற்று. ஆனால் பற்று மட்டும் தொழிலைக் காவாது. 2021ஆம் ஆண்டில் 1,000 ரூபா அளவில் விற்ற சீமெந்துப் பை, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் 3,000 ரூபாவைத் தாண்டியது. அவ்வாண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டும் இருந்தது. வீடு கட்டத் தொடங்கியோர் நிறுத்தினர், இயந்திரங்களும் நின்றன. வீட்டுக் கல்லை மாத்திரம் நம்பாமல், முற்றத்துக்கு விரிக்கும் இன்டர்லொக் கல், வடிகாற் கல், வேலித்தூண் ஆகியவற்றையும் செய்யத் தெரிந்த தொழிலகமே இத்தகைய காலத்தைக் கடக்கவல்லது.

இவை யாவும் ஓரிடத்திலே வந்து சேர்கின்றன. கல் அரிபவரின் அறிவு இன்று பெரும்பாலும் அவர் கையில் மாத்திரம் இருக்கின்றது, கடதாசியில் இல்லை. சீமெந்துக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855 என்னும் இலங்கைத் தரக்கட்டளை 1989ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டது. ஆயினும் கல் வாங்குபவர் பெரும்பாலும் விலையைக் கேட்கின்றாரே அன்றி, வலிமையைக் கேட்பதில்லை. கல் செய்த நாளைக் கல்லடுக்கிலே எழுதிவைத்தல், கலவை அளவைப் பதிவேட்டிற் குறித்தல், மாதிரிக் கற்களைக் காலத்துக்குக் காலம் சோதனைக்கு அனுப்பல் ஆகிய மூன்றும் பெருஞ் செலவில்லாதவை. அவ்வாறு செய்யுந் தொழிலகத்தின் கல்லுக்கு ஒரு ரூபா அதிகங் கொடுப்பவர், பூச்சிலும் திருத்த வேலையிலும் அதனைப் பன்மடங்காகத் திரும்பப் பெறுவார். தொழிலாளியின் திறனுக்கும் இவ்வாறே சான்று வேண்டும். இலங்கையின் தேசிய தொழில் தகைமை முறை ஏழு மட்டங்களைக் கொண்டது. பாடசாலையிற் கற்காது வேலைத்தலத்திற் கற்ற திறனையும் மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் வழி அதிலுண்டு. மேசனுக்கும் மின்னிணைப்பாளருக்கும் கிடைக்கும் மதிப்பு, கட்டுமான இயந்திரங்களை இயக்குவோருக்கும் உரியது. சான்றிதழுடையவர் வெளிநாடு சென்றாலும் கூலியாளாகவன்றித் தொழில் வல்லாராகச் செல்வர். ஊரிலே நின்றாற் சொந்தத் தொழிலகம் தொடங்கக் கடன் கேட்கும் தகுதியும் பெறுவர்.

கல் அரியும் இயந்திரத்தை இயக்குவது, வேறு வேலை கிடைக்காதவன் செய்யும் வேலை என்று எண்ணுவோர் இன்னும் உளர். இடம்பெயர்ந்து, தகரக் கொட்டிலில் ஆண்டுகள் கழித்து, மீண்டும் தம் காணியில் அத்திவாரமிட்ட குடும்பத்தாரிடம் கேட்டால் அவ்வேலையின் மதிப்பு விளங்கும். அவர்கள் பிள்ளைகள் உறங்கும் அறையின் சுவர், எவரோ ஒருவர் சரியாக அளந்த சீமெந்தினாலும், தவறாமல் விட்ட நீரினாலுமே நிற்கின்றது. அந்த ஒருவரின் பெயரைச் சுவர் சொல்லமாட்டாது. அவருடைய சம்பளப் புத்தகமும் சான்றிதழுமாவது அதனைச் சொல்லவேண்டும்.